வாடகைக்கா, இருக்கவா?

1

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் போய், "குளியலறை டைல்ஸுக்கு நடுவில் ஓடுகிற கோட்டை மட்டும் புதுப்பிக்க ஓர் ஆளை வரவழைத்தோம்" என்று சொன்னால் சிரிப்பார்கள். அங்கே அது ஒரு வேலையே இல்லை. வேறு ஏதோ வேலைக்கு வந்த கொத்தனாரிடம், "அண்ணே, அப்படியே அந்த இடுக்குலயும் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டைத் தடவிருங்க" என்போம். அவரும் மிச்சமிருந்ததை விரலால் இழுத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். இங்கே, மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியின் பாக்கார் ஆராங் பகுதியில், அதற்கென்றே ஆள் இருக்கிறார். முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும். வேன் வரும். வேனின் பக்கவாட்டில், கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கிற ஒரு டைல்ஸ் படம் இருக்கும்.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்த அதே வாரத்தில் அந்த வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது. நாள் பார்த்துக் கூப்பிடவில்லை, அப்படி அமைந்துவிட்டது. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. என் மகள் தர்ஷினி வருவாளா மாட்டாளா என்று தெரியாமல், ஓரிடத்தில் உட்கார முடியாமல், அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவள் பினாங்கில் படிக்கிறாள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். ஐந்து மாதமாக வீட்டுப்பக்கம் வரவில்லை.

காரணம் மாடிக் குளியலறை. கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள் என்பதால் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

2

எங்களுடையது வரிசை வீடு. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்காரர்களோடு பொது. கீழே ஒரு குளியலறை, மாடியில் ஒன்று. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே சாப்பாட்டு மேசை. வீட்டைக் கட்டியவனுக்கு என்ன நினைப்போ தெரியவில்லை. சாப்பாட்டு மேசைக்கு மேலே கூரைப்பலகையில் ஒரு பழுப்புக் கறை வந்தது. முதலில் தோசைக்கல் அளவு. பிறகு மெல்ல மெல்ல விரிந்தது. தர்ஷினி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அது ஈரமாகும். அவள் போனபின் காயும். மாடிக் குளியலறையைப் பயன்படுத்துகிறவள் அவள் ஒருத்திதான்.

அவள் குளித்தால் நாற்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கு வைத்திருக்கிறேன். தண்ணீர் வாரத்துக்கொரு நாள் வரும் ஊரில், குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான். மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கக் கேட்க எனக்குப் பல் கூசும். படிக்கட்டில் நின்று கத்துவேன். அவள் பதில் சொல்ல மாட்டாள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கூரைப்பலகையின் ஒரு துண்டு ஊறிப்போய் நேராக ரசச் சட்டிக்குள் விழுந்தது. என் கணவர் சேகர் சிரித்துவிட்டார். தர்ஷினியும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"சிரிக்கிறியா? நாப்பது நிமிசம் நாப்பது நிமிசம்னு தண்ணிய ஊத்தி வீட்டையே இடிச்சுட்டியே" என்றேன்.

"ம்மா, குளிச்சா யார் வீடும் இடியாது லா."

"எங்க ஊர்ல ஒரு வாளித் தண்ணில குளிச்சு, அதுலயே துணியும் அலசுவோம்."

அவ்வளவுதான், அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். நல்ல தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒன்றாக வரும். "எப்பப் பாத்தாலும் எங்க ஊரு, எங்க ஊரு. அப்ப இந்த வீடு ரோசாக் ஆனா உங்களுக்கு என்ன? இத்தன வருசத்துல ஒரு ஆணி அடிச்சிருக்கீங்களா? கர்ட்டன் மாத்தியிருக்கீங்களா? கேட்டா, ரெண்டு வருசத்துல ஊருக்குப் போயிருவோம்னு சொல்வீங்க. சீரியஸ்லி ம்மா, உங்களுக்கு இது வீடே இல்ல. பஸ் ஸ்டாண்டு."

ரோசாக் என்றால் கெட்டுப்போவது; லா என்பது இங்கே எல்லாரும் பேச்சின் வாலில் ஒட்டுகிற அசை. அவள் சொன்னது எல்லாமே எனக்கு நன்றாகப் புரிந்தது, அதுதான் வினை. நான் சொன்னேன்: "அப்ப பஸ் ஏறிப் போயிரு."

அவள் அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அதன்பின் மாடிக் குளியலறையை யாரும் திறக்கவில்லை. கறை காய்ந்துவிட்டது. "பாத்தீங்களா, அவ போனதும் காஞ்சுருச்சு" என்று கணவரிடம் வெற்றியோடு காட்டினேன். அவர் மேலே இருந்த ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். ஐந்து மாதமாக நாங்கள் இருவரும் மேசையின் அந்த முனையில் உட்கார்ந்து, ஓட்டைக்குக் கீழே இல்லாதபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகளிடமிருந்து சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதற்கு மேல் செய்தி வரவில்லை.

3

டைல்ஸ் ஆள் என்றதும் ஓர் ஆணைத்தான் எதிர்பார்த்தேன். வேனிலிருந்து நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். முழங்காலில் கறுப்பு உறை, தலையில் தொப்பி, காதில் சின்னத் தோடு. பெயர் சரசு. என் கணவர் குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அதே ஊரில் வேறொரு தொழிற்சாலையில் சரசு டைல்ஸை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை பார்த்தவளாம். யாரோ சொல்லி அவளுடைய எண் கணவருக்குக் கிடைத்திருந்தது.

"பத்து வருசம் அடுக்கி அடுக்கிப் பொட்டில போட்டேன்கா. போற எடத்துல இத எப்படித்தான் ஒட்டுறாங்கன்னு ஒரு ஆசை. கத்துக்கிட்டேன்" என்றாள். திகாம் பத்து என்கிற ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். என் முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். "நீங்க ஊர்லேருந்து வந்தவங்களாக்கா?"

இங்கே தமிழர்களுக்கு ஊர் என்றால் இந்தியாதான், அவர்களுடைய பாட்டன் பூட்டனே பார்த்திராத ஊராக இருந்தாலும். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் என்னை இப்படித்தான் கேட்கிறார்கள். திண்டுக்கல்லுக்குத் தொலைபேசியில் பேசினாலோ, "பசியாறிட்டீங்களா" என்று நான் கேட்டதும் என் தம்பி சிரிக்கிறான். காலைப் பலகாரம் சாப்பிட்டீர்களா என்பதை இங்கே அப்படித்தான் கேட்பார்கள், நாக்கு பழகிவிட்டது. அங்கே மலேசியாக்காரி, இங்கே ஊர்க்காரி. நடுவானத்தில்தான் எனக்குச் சொந்த வீடு போலிருக்கிறது.

"தண்ணி கலக்கட்டுமா?" என்று சரசுவைக் கேட்டேன். தேநீர் போடட்டுமா என்று அர்த்தம். இதைத் திண்டுக்கல்லில் ஒரு பெண்ணிடம் கேட்டுவிடாதீர்கள்.

"அப்புறம்கா. மொதல்ல பாத்துடறேன்."

மாடிக் குளியலறையில் மண்டியிட்டு, திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக் காது கொடுத்தாள். தேங்காய் வாங்குகிறவள் போல ஒவ்வொன்றுக்கும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள். டைல்ஸ் எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு சாவியை எடுத்து நடுக்கோட்டைச் சுரண்டினாள். இவர்கள் அதைக் கிரவுட் என்கிறார்கள். சுரண்டியது மாவாக உதிர்ந்தது. சில இடங்களில் சுரண்டக்கூட எதுவும் இல்லை, வெறும் பள்ளம்.

"அக்கா, இத என்ன போட்டுக் கழுவுறீங்க?"

நான் பெருமையோடு கதவுக்குப் பின்னாலிருந்த புட்டியைக் காட்டினேன். அவள் மூடியைத் திறந்தாள், உடனே மூடினாள்.

"ஆசிட்டா? தண்ணி கலக்காமயா?"

"கலந்தா எப்படி அழுக்குப் போகும்?"

"எப்பெப்ப ஊத்துவீங்க?"

"தீபாவளி, பொங்கல். அப்புறம் எம் மக லீவுக்கு வர்றதுக்கு மொத நாளு. புள்ள வர்றப்ப சுத்தமா இருக்கணும்ல."

சரசு சிரிக்கவில்லை. குதிகாலில் உட்கார்ந்தபடி நிதானமாகச் சொன்னாள். "அக்கா, டைல்ஸ ஆசிட் ஒண்ணும் செய்யாது. பளபளன்னு அப்படியேதான் இருக்கும். நடுவுல இருக்கறது சிமெண்டு. அத அது தின்னுடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா நீங்களே கரைச்சு விட்டிருக்கீங்க. அந்த வழியாத்தான் போச்சோர் ஆகுது." போச்சோர் என்றால் ஒழுகல்.

"எம் மக ரொம்ப நேரம் குளிப்பா. அதுனால இல்லையா?"

"குளிக்கத்தானேக்கா பாத்ரூம்" என்றாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே சமையலறையில் எதையோ அடுப்பில் வைத்த நினைவு வந்தது போலப் பாவனை செய்து இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. அவள் ஒரு சின்ன நோட்டை எடுத்தாள்.

"சரிக்கா. ரெண்டு வகை இருக்கு. சாதா சிமெண்டு கிரவுட் போடலாம், சீக்கிரம் முடியும், சில வருசம் தாங்கும். இல்ல எபோக்ஸி, ரெண்டு டப்பா பிசினக் கலந்து போடறது. வேலை சுசா, காயறதுக்கு நாளாகும். ஆனா பல்லு மாதிரி நிக்கும். அதனால வர்ற எடத்துலயெல்லாம் நான் ஒண்ணுதான் கேப்பேன். வாடகைக்கு விடறதுக்கா, இல்ல நீங்க இருக்கறதுக்கா?"

சுசா என்றால் கஷ்டம். அவள் கேட்ட கேள்வியில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனாலும் படியில் நின்றிருந்த என் கணவரைப் பார்த்தேன். அவர் எதுவும் சொல்வதாக இல்லை. இத்தனை வருடமாக மனப்பாடமான பதில் தானாக வந்தது. "இன்னும் ரெண்டு வருசத்துல ஊருக்குப் போயிருவோம்மா."

"அப்ப வாடகைக்கு" என்று சரசு எழுதிக்கொண்டாள்.

4

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு மாதம் ஒரு முறை சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கேன் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். "ஆசிட், பினாயில்" என்று அவர் இழுத்துக் கூவுவது மூன்று தெருவுக்குக் கேட்கும். காலிப் புட்டியோடு வாசலில் நின்றால் ஊற்றித் தருவார். அப்பா அரசுப் பேருந்து நடத்துநர், நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ், இரண்டு குளியலறை. அம்மா சேலைத்தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் ஆசிட்டை ஊற்றுவார். புஸ்ஸென்று நுரைத்துப் புகை வரும். தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டு வெளியே வந்து இருமுவார். அன்றைக்கு எங்கள் முறை முடிந்து கழுவிய குளியலறை தனியாகத் தெரியும், மற்றவர்கள் வாயால் ஒத்துக்கொள்வார்கள். நுரைக்கிறது என்றால் அழுக்கு போகிறது என்றுதான் நினைத்தோம். சிமெண்டு போகிறது என்று யாரும் சொல்லவில்லை. பொது வீட்டின் தரை தேய்ந்தால் வாடகைக்காரனுக்கு என்ன?

இங்கே வந்த முதல் வருடமே ஆசிட்டைத் தேடினேன். கடைகளில் வாசனையோடு நீலத்திலும் ஊதாவிலும் ஏதேதோ வைத்திருந்தார்கள். நுரைத்துப் புகையாத எதையும் நான் நம்பவில்லை. கடைசியில் ஒரு சீனரின் ஹார்ட்வேர் கடையில், பின்பக்கத் தட்டில் கிடைத்தது. "குவாட், ஆன்ட்டி" என்று எச்சரித்தார் அவர். வலுவானது என்று பொருள். நல்லதாய்ப் போயிற்று என்று இரண்டு புட்டி வாங்கிக்கொண்டேன். கடல் கடந்து நான் கொண்டுவந்தவற்றில் அம்மியை விட்டுவிட்டேன், பாட்டு வகுப்பை விட்டுவிட்டேன், மல்லிகைப்பூ வைப்பதைக்கூட எப்போதாவது என்று ஆக்கிக்கொண்டேன். ஆசிட்டை விடவில்லை.

சரசு போனபின் கணவர் வாசல் கேட்டருகே நின்று காடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கே காருக்குப் பெயர் காடி. துடைக்க வேண்டிய அழுக்கு அதில் இல்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னங்க, நீங்க ஏன் எதுவும் சொல்லல?"

"எதுக்கு?"

"வாடகைக்குன்னு நான் சொன்னப்ப."

அவர் துணியைப் பிழிந்தார். "மீனா, நீ வந்த நாள்லேருந்து ஊருக்குப் போவோம், ஊருக்குப் போவோம்ன்ற. நானும் சரி சரின்றேன். நான் எந்த ஊருக்குப் போறது? குருண் பக்கத்துல எஸ்டேட்டுல பொறந்தேன். இப்ப அங்க நாங்க இருந்த லயத்து வீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வீடு நான் வாங்குனது. எனக்கு ஊருன்னா இதுதான் லா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஒரு பிடி பிடித்திருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். நாங்கள் இருவரும் போகப்போகிறோம் என்று இத்தனை வருடமும் நான் சொன்னபோது, அவரை எங்கே குடிவைக்கப் போகிறேன் என்று ஒரு முறையும் யோசித்ததில்லை. திண்டுக்கல் புறவழிச்சாலைப் பக்கம் நாங்கள் வாங்கிப்போட்ட மனையில் தம்பியின் ஆடுகள் மேய்கின்றன. அதை நினைத்தால் எனக்கு மனம் அடங்கும். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது? ஆடுதான் இருக்கிறது.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளே போய்க் குளிர்சாதனப்பெட்டியின் மேலிருந்த காகிதங்களை அடுக்கினேன். அவற்றில் ஒரு படிவம் இருந்தது. நான் இன்னும் சிவப்பு அட்டைக்காரி. நிரந்தரமாகத் தங்கலாம், குடிமகள் இல்லை. அந்த அலுவல்களுக்கான படிவத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். போன மாதம் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தள்ளினாள். முதல் பக்கத்தில் பாக்கார் ஆராங் என்றும் மூன்றாம் பக்கத்தில் திண்டுக்கல் என்றும் எழுதியிருந்தேன். "எது அக்கா, இங்கேயா அங்கேயா?" என்று மலாயில் கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. வீட்டில் யோசித்து எழுதி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தன் முகவரியை யோசித்து எழுதுகிறேன் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

5

மறுநாள் காலை சரசுவை அழைத்தேன்.

"சரசும்மா, அந்த எபோக்ஸியே போட்டுடு."

"இருக்கறதுக்காக்கா?"

"ஆமா, இருக்கறதுக்கு."

சொல்லிவிட்டுக் கைப்பேசியை மேசையில் வைத்தேன். எதுவும் நடந்துவிடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய்ச் சம்பல் வதக்கும் வாசனை வந்தது.

சரசு தன் கவலையையும் சொன்னாள். கிரவுட் போனதால் மட்டும் ஒழுகினால் இதோடு சரியாகிவிடும். டைல்ஸுக்கு அடியில் நீர் தடுக்கும் பூச்சும் சேர்ந்து போயிருந்தால் தரையையே உடைக்க வேண்டியதுதான். அது இப்போது தெரியாது. "போட்டு மூணு நாள் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. அப்புறம் ஒரு மணி நேரம் நல்லாத் தண்ணி விடுங்க. கீழ சொட்டலன்னா நீங்க தப்பிச்சீங்க."

நிற அட்டையின் படம் ஒன்றையும் அனுப்பினாள். வெள்ளையில் நாலு, சாம்பலில் அஞ்சு, மணல் நிறத்தில் மூணு. எனக்கு எல்லாம் ஒன்று போலவே இருந்தது. அதைத் தர்ஷினிக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். அனுப்பினால் கூடவே மற்றதையும் சொல்ல வேண்டும். எழுதினேன், அழித்தேன். இன்னொரு முறை எழுதி அதையும் அழித்தேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா அடித்துவிட்டால் அன்று மாலை பரோட்டா வாங்கி வருவார், அதோடு சரி. இங்கே நான் பரோட்டா வாங்கிக்கொண்டு பினாங்குக்கா போவது? கடைசியில் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன்.

"தர்ஷினி. அந்தப் பாத்ரூம் ஒழுகுனது உன்னால இல்ல. ஆசிட்டு. நாந்தான் ஊத்தி ஊத்திக் கரைச்சிருக்கேன். டைல்ஸ்காரம்மா சொல்லிட்டாங்க. உன்னயத் திட்டுனது தப்பு. பஸ் ஏறிப் போன்னு சொன்னது அதவிடத் தப்பு. புதுசாப் போடப் போறோம். என்ன கலர்னு நீ சொல்லு."

அனுப்பியபின் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் போய்த் துணியைக் காயப்போட்டேன், காயாததை எடுத்தேன், மறுபடி போட்டேன். அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கான நீல அடையாளம் பன்னிரண்டு மணிக்கு வந்தது. பதில் இல்லை. இரண்டு மணி வரை இல்லை. மூன்றரைக்கு வந்தது.

"ஏழாம் நம்பர். வெள்ளை வேணாம், உங்க மஞ்சள் பட்டா போகாது."

அவ்வளவுதான். மன்னித்தாளா, வருவாளா, ஒன்றும் இல்லை. ஆனால் ஏழாம் நம்பர். சாம்பலில் மூன்றாவது. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் கீழே குளிக்கிற ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள், இனி மாடியிலும் குளிப்பாள், இனியும் இருப்பாள் என்று அவள் கணக்கில் எடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு கணவருக்கு அழைத்து ஏழாம் நம்பர் என்று மட்டும் சொன்னேன். "என்ன, நாலு நம்பர் லாட்டரிச் சீட்டா?" என்றார் மனிதர்.

6

சரசு முதல் நாள் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்தாள். எடுப்பதற்கு அதிகம் இல்லை என்று அவளே சொன்னாள். உறிஞ்சும் இயந்திரத்தால் தூசியை இழுத்துவிட்டு, காற்றாடியை ஓடவிட்டு, காயட்டும் என்று போய்விட்டாள். வியாழக்கிழமை வந்து இரண்டு டப்பாவையும் கலந்தாள். கலந்தால் நேரம் ஓடத் தொடங்கிவிடும், பேச்சுக் கூடாது. ரப்பர் தகட்டால் இடுக்குக்குள் அழுத்தி அழுத்தித் தள்ளினாள், பின்னாலேயே ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். கோடு கோடாகச் சாம்பல் நிறம் நிரம்பியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது பகல் ஒன்றாகியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் உள்ள போகாதீங்க. தண்ணி படக்கூடாது. ஆசிட் புட்டிய நான் எடுத்துட்டுப் போறேன்கா, கோச்சுக்காதீங்க."

நான் கோபிக்கவில்லை. ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. வீடு கழுவுகிற நாள். காலையில் கை தானாக வாளியை எடுத்து, கால் தானாகப் படியேறி, குளியலறை வாசல் வரை போய்விட்டேன். வாளியில் தண்ணீர் தளும்பியது. கணவர் கீழேயிருந்து, "மீனா!" என்று போட்ட சத்தத்தில் அங்கேயே நின்றேன். ஒரு சொட்டு கூட உள்ளே போகவில்லை. அவர் மேலே வந்து ஒரு முக்காலியைக் கதவுக்குக் குறுக்கே வைத்து, அதன்மேல் தன் பழைய தொழிற்சாலைத் தலைக்கவசத்தையும் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மனைவியைத் தடுக்க அவ்வளவு பாதுகாப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. தர்ஷினி முதுகுப்பையோடு நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டுப் பாடியிருப்பேன்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

அவள் நேராக மாடிக்குப் போனாள். முக்காலியையும் தலைக்கவசத்தையும் பார்த்துச் சிரித்தாள். நானும் பின்னாலேயே போனேன். இருவரும் வாசலில் நின்றே உள்ளே பார்த்தோம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். மோந்து பார்த்தாள். "ஆசிட் வாடை இல்ல."

"புட்டியவே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அந்த வாடை எனக்கு ஒத்துக்காதும்மா. நெஞ்ச அடைக்கும். நான் வர்றதுக்கு மொத நாள்தான் கரெக்ட்டா ஊத்தி வெச்சிருப்பீங்க. உள்ள போயி தண்ணியத் திறந்து விட்டுட்டு, வாடை போகட்டும்னு ஜன்னல்கிட்டயே மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன். அரை மணி நேரம் அதான். நான் குளிக்கறது பத்து நிமிசம்."

நான் படிக்கட்டில் நின்று கத்தியபோதெல்லாம் மேலே அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். "ஏன்டி இத அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா, எங்க ஊர்ல இதவிட ஸ்ட்ராங்குன்னு சொல்லியிருப்பீங்க."

உண்மை. சொல்லியிருப்பேன். "தப்பு எம் மேலதான்" என்றேன்.

"நானும் பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னேன்ல" என்று அவள் முக்காலியின் மேலிருந்த தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "எப்ப குளிக்கலாம்?"

"நாளைக்கு மத்தியானம்."

7

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவள் துண்டோடு மாடிக்குப் போனாள். சரசு சொன்ன ஒரு மணி நேரச் சோதனையை அவள் குளியலிலேயே முடித்துவிடலாம் என்று தீர்மானித்தோம். கணவரும் நானும் கீழே சாப்பாட்டு மேசையில், ஐந்து மாதத்துக்குப் பிறகு ஓட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்தோம். அவர் மேசை நடுவில் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் சத்தம் கேட்கும். விழுந்தால் தரையை உடைக்க வேண்டும். உடைத்தால் தீபாவளிக்கு வீடு வீடாக இருக்காது, அவளும் பினாங்கிலேயே இருந்துவிடுகிறேன் என்பாள். எழுந்து எங்கேயாவது நடக்க வேண்டும் போலிருந்தது.

மேலே தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். ஓட்டை வழியே சிமெண்டின் அடிப்பக்கம் தெரிந்தது, அது நிறம் மாறுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தாவது நிமிடம் தண்ணீர் நின்றுவிட்டது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பத்து நிமிடம்தான்.

"தர்ஷினி!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். "ஏன்டி அதுக்குள்ள நிறுத்திட்ட? இன்னும் குளி!"

மேலே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது, குழாய் திறக்கிற சத்தமும் கேட்டது. பக்கத்து வீட்டுச் சுவருக்குக்கூடக் கேட்டிருக்கும். என் கணவர் தட்டைப் பார்த்தபடியே சிரித்தார்.

இரண்டு மணி அடிக்கும் வரை தண்ணீர் ஓடியது. தட்டில் ஒன்றும் விழவில்லை. அந்த ஒரு மணி நேரமும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.